கொள்ளுத்தாத்தா ஆணி அடிச்ச ரயில் பாதையில ஒரு நாள்

சிங்கப்பூர்ல குடும்பத்தோட எங்க நடக்கப் போகலாம்னு யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது ரயில் காரிடார் தான். மெக்ரிச்சி காடு நல்லா இருக்கும், சதர்ன் ரிட்ஜஸ்ல அந்த ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலம் அழகு தான், இல்லைன்னு சொல்லல. ஆனா எழுபது தாண்டின பெரியவங்களும் ஆறு வயசுப் பிள்ளையும் ஒண்ணா கிளம்பினா அங்கெல்லாம் ஏத்த இறக்கத்துல பாதிப் பேர் முன்னாடி போயிடுவாங்க, பாதிப் பேர் பெஞ்ச் தேடிட்டு பின்னாடி நிப்பாங்க. ரயில் காரிடார்ல அந்தப் பிரச்சினையே கிடையாது. ரயில் ஓடின பாதை ஆச்சே. இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்துல பிடிமானம் கம்மி, ஏத்தம் கொஞ்சம் கூடினாலும் சக்கரம் வழுக்கிட்டு நின்னுடும், அதனால மேட்டை வெட்டி பள்ளத்தை மண் போட்டு நிரப்பி எவ்வளவு சீரா போட முடியுமோ அவ்வளவு சீரா போட்டிருக்காங்க. ரயிலுக்காக பண்ணினது இன்னிக்கு தாத்தா பாட்டிக்கும் பேரப்பிள்ளைங்களுக்கும் ஒரே வேகத்துல நடக்கிற பாதையா ஆயிடுச்சு.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் வரலாறு சொல்லிடறேன். மொத்தம் 24 கிலோமீட்டர், தெற்க தஞ்சோங் பகார்ல இருந்து வடக்க உட்லண்ட்ஸ் வரைக்கும். 1903ல முதல்ல ரயில் வந்தப்போ தெற்குப் பக்கம் கடைசி ஸ்டேஷன் டேங்க் ரோட்டுல இருந்துச்சு, ஆமா நம்ம தைப்பூசக் காவடி போய்ச் சேருதே அந்த டேங்க் ரோடு தான். அப்போ ஜொகூருக்குப் பாலம் கிடையாது, உட்லண்ட்ஸ்ல இறங்கி படகுல தான் கடக்கணும். 1923ல ஜொகூருக்குக் கடலைக் கடந்து போட்ட காஸ்வே வழியா ரயில் போக ஆரம்பிச்சுது. 1932ல பாதையை மாத்தி புக்கிட் தீமா வழியா தஞ்சோங் பகாருக்கு கொண்டு போனாங்க. இன்னிக்கு தெற்குப் பக்கம் நாம நடக்கிறது அந்த 1932 பாதையில தான். நிலம் மலாயா ரயில்வேயோடது, அதனால சிங்கப்பூர் தனி நாடா ஆனதுக்கு அப்புறமும் ஊருக்கு நடுவுல மலேசியாவோட ரயில் ஓடிட்டே இருந்துச்சு. 2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயில் தஞ்சோங் பகார்ல இருந்து கிளம்புச்சு, ஜொகூர் சுல்தானே எஞ்சின்ல ஏறி ஓட்டிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் தண்டவாளத்தை எடுத்து மலேசியாவுக்கே குடுத்துட்டாங்க. இவ்வளவு நீள நிலத்தை துண்டு துண்டா வித்திருந்தா எத்தனை காண்டோ அடுக்குமாடி வந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ரயில் நிக்கிறதுக்கு முந்தின வருஷமே, 2010ல, இங்க இருக்கிற இயற்கை ஆர்வலர்கள் சங்கம் இதை அறுபடாம ஒரே பச்சைப் பாதையா விட்டு வைக்கணும்னு அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்டாங்க. அவங்களுக்கு நான் மனசார நன்றி சொல்லுவேன்.

எங்க குடும்பத்துக்கு இதுல இன்னொரு விஷயம் இருக்கு. எங்க மாமனாரோட அப்பா, அதாவது என் பிள்ளைங்களுக்கு கொள்ளுத்தாத்தா, இந்த ரயில்வேல கேங் வேலை, அதாவது தண்டவாளம் பராமரிக்கிற வேலை பார்த்தவரு. தஞ்சாவூர்ப் பக்கத்துல இருந்து இளவயசுலயே கப்பல் ஏறி வந்து முதல்ல ஜொகூர்ல ரப்பர் எஸ்டேட், அப்புறம் ரயில்வே. மலாயா ரயில்வேல தண்டவாளம் போட்டதும் பராமரிச்சதும் பெரும்பாலும் நம்ம தமிழாளுங்க தான். மாமா பிறந்து வளர்ந்ததே குவீன்ஸ்டவுன் பக்கம் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸ்ல. இதெல்லாம் எனக்கு கல்யாணம் ஆகி வந்ததுல இருந்தே தெரியும், ஆனா தெரியும்னா எப்படி, தீபாவளிக்குச் சாப்பிட்டு முடிச்சு உக்காந்திருக்கறப்போ நாலு வரி சொல்லுவாரு, அதுக்குள்ள யாராவது டிவி போடுவாங்க, அதோட போயிடும். அந்தப் பாதையிலயே அவரைக் கூட்டிட்டுப் போகணும்னு இவருக்கும் எனக்கும் ரொம்ப நாள் ஆசை. மாமாவும் அத்தையும் கார்ல போறப்போ பாலத்தைப் பார்ப்பாங்களே தவிர, ரயில் நின்னதுக்கு அப்புறம் இறங்கி நடந்ததே இல்ல.

ஜூன் பள்ளி விடுமுறையில ஒரு சனிக்கிழமை, விடியறதுக்கு முன்னாடியே எழுந்து இட்லிக்குப் பொடி தடவி டப்பால அடுக்கி, ஒரு ஃபிளாஸ்க்ல டீ, ஆளுக்கு ஒரு தண்ணி பாட்டில், தொப்பி, கொசு ஸ்ப்ரே, இதோட ஏழு மணிக்கெல்லாம் ஹில்வியூ எம்ஆர்டி மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கிட்டோம். சீக்கிரம் போறது முக்கியம்ங்க. பத்து மணிக்கு மேல சில இடங்கள்ல மர நிழல் இல்லாம வெயில் நேரா மண்டையில அடிக்கும். அதோட மத்தியானத்துக்கு மேல மழை எப்ப வரும்னு சொல்ல முடியாது.

ஹில்வியூல இருந்து ரயில் மால் பக்கம் வந்தா முதல் இரும்புப் பாலம். அப்பர் புக்கிட் தீமா ரோட்டுக்கு மேல கறுப்பு நிறத்துல குறுக்கும் நெடுக்குமா இரும்புச் சட்டம் வச்ச பாலம், கீழ கார் பஸ் எல்லாம் ஓடுது மேல நாம நடக்கறோம். சின்னவளுக்கு பஸ்ஸோட தலையைப் பார்த்ததுல ஒரே குஷி, டபுள் டெக்கர் வர்ற வரைக்கும் அங்கயே நிக்கணும்னு அடம், நின்னோம், நாலஞ்சு பஸ் போச்சு. அவசரம் இல்லாம போறதுக்குத்தானே வந்தோம்.

பாலத்துல இருந்து கொஞ்ச தூரத்துல தான் பழைய ஃபோர்டு ஃபேக்டரி. 1942 பிப்ரவரி 15 அன்னிக்கு பிரிட்டிஷ்காரங்க ஜப்பான்காரங்க கிட்ட சரணடைஞ்சு கையெழுத்துப் போட்ட இடம், இப்ப மியூசியமா இருக்கு. பெரியவன் ஸ்கூல்ல அதைப் பத்திப் படிச்சிருக்கான், தேதியெல்லாம் டாண் டாண்னு சொன்னான். அதைக் கேட்டுட்டு மாமா, "அதுக்கப்புறம் தான்டா எங்க பெரியப்பாவை சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனாங்க"ன்னாரு. எஸ்டேட்ல இருந்தவங்களை இதே மலாயா ரயில்ல கூட்ஸ் வண்டில அடைச்சு வடக்க கொண்டு போய், சயாம்ல, அதாவது இன்னிக்குத் தாய்லாந்துல இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட வச்சாங்க, பல்லாயிரக்கணக்கான தமிழாளுங்க திரும்பி வரவே இல்ல. அந்தப் பெரியப்பாவும் வரல. மாமா பிறக்கறதுக்கு முன்னாடி நடந்தது, அவங்க அப்பா சொல்லிக் கேட்டது. பெரியவன் அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் தாத்தா கையைப் புடிச்சிட்டே நடந்தான், ஒண்ணும் கேக்கல.

பாலம் தாண்டினதும் ரெண்டு பக்கமும் பச்சை தான். ஒரு பக்கம் புக்கிட் தீமா காடு, 163 மீட்டர், சிங்கப்பூர்ல இருக்கிறதுலயே உசரமான மலை அது தான். நம்ம ஊர்க்காரங்களுக்கு அது ஒரு குன்று, ஆனா அந்தக் காட்டுல இருந்து வர்ற குளிர்ச்சி இருக்கே, ரோடு அவ்வளவு பக்கத்துல இருந்தும் காத்து வேற மாதிரி இருக்கு. பாதை மண்ணும் சின்னச் சரளையும் சேர்த்து அமுக்கிப் போட்டது, ஸ்ட்ரோலர் தாராளமா போகுது, ஒரு பாட்டியை வீல்சேர்ல வச்சு தள்ளிட்டு வந்தாங்க. சைக்கிள்காரங்க நிறைய, பின்னாடி மணி அடிச்சா இடது பக்கம் ஒதுங்கிடணும்னு பிள்ளைங்களுக்கு முதல்லயே சொல்லி வச்சிடுங்க. அப்புறம் குரங்கு. அந்தப் பக்கம் நீள வால் குரங்குகள் கூட்டமா இருக்கும், பிளாஸ்டிக் பையைப் பார்த்தா சாப்பாடுன்னு நினைச்சு வந்துடும். சாப்பாட்டை பேக்ல போட்டு ஜிப் மூடி வச்சா அது பாட்டுக்கு அது, நாம பாட்டுக்கு நாம. தயவு செஞ்சு பாவமா இருக்குன்னு வாழைப்பழம் நீட்டாதீங்க. அதுங்க மனுஷங்க கிட்ட பழகிப் போய் வீடுகளுக்குள்ள வர ஆரம்பிச்சா கடைசில கஷ்டப்படப் போறது அதுங்க தான்.

நடந்துட்டே இருக்கோம், தலைக்கு மேல யாரோ துணி உதர்ற மாதிரி சத்தம். பார்த்தா ரெண்டு இருவாச்சி! கறுப்பும் வெள்ளையும், மூக்கு மேல மஞ்சள் கொண்டை, ஜோடியா பறந்து போய் ஒரு மரத்துல உக்காந்துச்சு. ஒரு காலத்துல சிங்கப்பூர்ல இல்லாமலே போன பறவை இது, 1990கள்ல தான் திரும்ப வர ஆரம்பிச்சு, இப்ப ஊருக்குள்ளயே சர்வ சாதாரணமா பார்க்க முடியுது. அத்தை கோயில்ல கருடன் பார்த்த மாதிரி கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

சிம்போ ஆயர் செடி வழி நெடுக இருக்கு, பெரிய மஞ்சப் பூ பூக்குமே அது. பூ ஒரு நாளைக்கு மேல தாங்காது. அதோட இலை கெட்டியா விசிறி மாதிரி அகலமா இருக்கும். மாமா கீழ விழுந்து கிடந்த ஒரு நல்ல இலையா பார்த்து எடுத்து, தண்ணியில கழுவி, நுனியை ஒரு சுத்து சுத்தி அடிப்பக்கம் மடிச்சு ஒரு கூம்பு பண்ணி சின்னவ கையில குடுத்தாரு. "எங்க காலத்துல ரோஜாக் இதுல தான் மடிச்சுக் குடுப்பாங்க, பிளாஸ்டிக் ஏது காகிதம் ஏது"ன்னாரு. பிறகு என்ன, அந்தக் கூம்புல ஒரு இட்லியை உதிர்த்துப் போட்டு சின்னவ சாப்பிட்டா. வீட்டுல ஒரு இட்லிக்கு அரை மணி நேரம் ஆக்குற பிள்ளை.

ரெண்டாவது இரும்புப் பாலம் கிங் ஆல்பர்ட் பார்க் கிட்ட, புக்கிட் தீமா ரோட்டுக்கு மேல. அதைத் தாண்டினா புக்கிட் தீமா ரயில்வே ஸ்டேஷன். ஹில்வியூல இருந்து இது வரைக்கும் 4 கிலோமீட்டர் சொச்சம். நீங்க இவ்வளவு தான் நடக்கப் போறீங்கன்னாலும் போதும், இந்த ஸ்டேஷனுக்காகவே வரலாம். சின்னக் கட்டடம், சிவப்புச் செங்கல், ஓட்டுக் கூரை, 1932ல கட்டினது. பக்கத்துல ஸ்டேஷன் மாஸ்டர் குவார்ட்டர்ஸ் இப்ப காப்பிக் கடையா ஆயிடுச்சு. எல்லாத்தையும் சரி பண்ணி 2022ல திறந்து விட்டாங்க. ஸ்டேஷன் முன்னாடி மட்டும் கொஞ்ச தூரத்துக்கு தண்டவாளத்தை எடுக்காம விட்டு வச்சிருக்காங்க.

அங்க தான் நாங்க ரொம்ப நேரம் இருந்தோம்.

மாமா நேரா போய் தண்டவாளத்துப் பக்கத்துல குத்துக்கால் போட்டு உக்காந்துட்டாரு. முட்டி வலிக்கும் மாமான்னேன், காதுல வாங்கல. ஸ்லீப்பர் கட்டை மேல கை வச்சு, தண்டவாளத்தோட அடிப்பக்கம் கட்டையில இறங்கியிருந்த ஆணியை பெரியவனுக்குக் காட்டினாரு. தலை ஒரு பக்கமா நீட்டிட்டு இருக்கும், அந்த மூக்கு தான் தண்டவாளத்தோட விளிம்பைப் பிடிச்சு வச்சிருக்கும். ரயில் போகப் போக அதிர்வுல ஆணி மெல்ல மேல எழும்பும். அப்படியே விட்டா தண்டவாளம் நகர்ந்துடும். அதனால கேங் ஆளுங்க தினமும் தங்களுக்குன்னு குடுத்த தூரத்தை நடந்தே பார்த்து, எழும்பின ஆணியை சம்மட்டியால இறக்கணும், தண்டவாளம் ரெண்டு சேர்ற இடத்துல போல்ட் லூஸா இருந்தா ஸ்பேனரால முறுக்கணும், ஜல்லி சரிஞ்சிருந்தா கட்டைக்கு அடியில திணிச்சு இறுக்கணும். மழை நாள்ல தான் வேலை ஜாஸ்தி, மண் இளகிடும்ல. "அப்பா வீட்டுக்கு வந்தா மேலெல்லாம் தார் வாசனை வரும், இந்தக் கட்டைக்குப் பூசுற எண்ணெய் அது, கரையான் அரிக்காம இருக்க. குளிச்சாலும் போகாது. நாங்க தூங்கறப்போ அந்த வாசனை வந்தா அப்பா வந்துட்டாருன்னு தெரியும்"ன்னாரு. இதை இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட அவர் வீட்டுல சொல்லிக் கேட்டதில்ல, இவரே கேட்டதில்லன்னு சொன்னாரு.

ரெண்டு தண்டவாளம் சேர்ற இடத்துல ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அது எதுக்குன்னு பெரியவன் கேட்டான். வெயில்ல இரும்பு நீளும், இடம் விடலைன்னா பாம்பு மாதிரி நெளிஞ்சிடும்னு தாத்தா சொன்னாரு. "அப்ப தடக் தடக்னு சத்தம் வர்றது அதுனாலயா?"ன்னு இவன் கேக்க, மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அப்புறம் அந்த வளையம். ஒற்றைத் தண்டவாளம் தான் அப்போ, போறதும் வர்றதும் ஒரே லைன். எதிரெதிரா ரெண்டு ரயில் வந்துட்டா என்ன ஆகும்? அதுக்கு ஒரு ஏற்பாடு வச்சிருந்தாங்க. பெரிய கம்பி வளையத்துல ஒரு தோல் பை தொங்கும், பையில ஒரு டோக்கன். அந்த டோக்கன் கையில இருந்தா தான் டிரைவர் அடுத்த பகுதிக்குள்ள ரயிலை விடலாம், ஒரு பகுதிக்கு ஒரு நேரத்துல ஒரு டோக்கன் தான் வெளிய வரும். அதனால ஒரு பகுதியில ஒரு ரயில் தான் இருக்க முடியும். புக்கிட் தீமா ஸ்டேஷன்ல இன்னொரு லைன் பக்கவாட்டுல இருந்துச்சு, ஒரு ரயில் அதுல ஒதுங்கி நிக்கும், எதிர் ரயில் கடந்து போகும். நிக்காத ரயிலா இருந்தா ஸ்டேஷன்காரர் பிளாட்பாரத்துல வளையத்தைத் தூக்கிப் பிடிச்சிட்டு நிப்பாரு, எஞ்சின்ல இருந்து கையை நீட்டி அதை மாட்டி எடுத்துட்டு பழைய வளையத்தைப் போட்டுட்டுப் போயிடுவாங்க. மாமா எழுந்து நின்னு, கையை உசத்தி, உடம்பை லேசா சாய்ச்சு காட்டினாரு. கம்ப்யூட்டர் வந்து எம்ஆர்டியெல்லாம் டிரைவர் இல்லாம ஓட ஆரம்பிச்ச ஊர்ல 2011 வரைக்கும் இந்த வளையத்தை வச்சுத்தான் ரயில் ஓடுச்சு. பிள்ளைங்க ரெண்டு பேரும் அதுக்கப்புறம் சின்னவளோட தொப்பியை வளையமாக்கி, ஒருத்தர் ரயில் ஒருத்தர் ஸ்டேஷன் மாஸ்டர்னு ஓடிட்டே இருந்தாங்க. பக்கத்துல வந்த ஒரு சீனக் குடும்பத்துப் பையனும் சேர்ந்துக்கிட்டான். அவங்க அப்பா என்கிட்ட உங்க மாமனார் என்ன காட்டுறாருன்னு இங்கிலீஷ்ல கேட்டாரு, மாமா அவருக்கு மலாய்ல திரும்ப முதல்ல இருந்து சொன்னாரு.

இந்த ஸ்டேஷன்ல பந்தயக் குதிரை கூட இறங்குமாம், பக்கத்துலயே டர்ஃப் கிளப் இருந்ததால. சின்னவளுக்கு அன்னிக்கு பிடிச்ச தகவல் அது தான், ரயில்ல குதிரைக்கு சீட் இருக்குமான்னு வீடு வர்ற வரைக்கும் கேட்டுட்டு வந்தா.

டீ குடிச்சிட்டு உக்காந்திருக்கறப்போ டிக்கெட் கதை வேற. தஞ்சோங் பகார்ல டிக்கெட் வாங்கினா சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர், அதே டிக்கெட்டை ஜொகூர்ல வாங்கினா அதே தொகை ரிங்கிட்ல. அதாவது 20னா இங்க 20 வெள்ளி, அங்க 20 ரிங்கிட், ரிங்கிட்டுக்கு மதிப்பு கம்மி. அதனால விவரம் தெரிஞ்சவங்க காஸ்வே தாண்டிப் போய் அங்கேயே ஏறுவாங்க. ஜொகூர்ல குளுவாங் ஊர்ல இருந்த அத்தையோட அக்கா வீட்டுக்குப் போறப்போ மாமா அப்படித்தான் போவாராம். அத்தை உடனே, "ஆமா, மூட்டை முடிச்சோட என்னை பஸ் ஏத்தி இறக்கி, மிச்சம் புடிச்ச காசுக்கு குளுவாங் ஸ்டேஷன்ல காப்பி வாங்கிக் குடுப்பாரு"ன்னாங்க. அந்தக் காப்பியும் சுட்ட ரொட்டியும் பத்தி ரெண்டு பேரும் பேசினப்போ எனக்கு அப்பவே கிளம்பிப் போகலாம் போல இருந்துச்சு.

அங்கிருந்து அத்தைக்கு முட்டி ஒத்துழைக்கல, கிராப் டாக்ஸி புக் பண்ணி காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரன் கோயிலுக்கு அனுப்பிட்டோம், நாங்க நடந்தே அங்க வர்றோம்னு பேச்சு. எம்ஆர்டி, ரோடு எல்லாம் பக்கத்துலயே இருக்கறதால யாருக்கு எங்க முடியலையோ அங்க விலகிக்கலாம், இந்தப் பாதையில எனக்குப் பிடிச்ச இன்னொரு விஷயம் இது. தண்ணியையும் பாத்ரூமையும் மட்டும் ஸ்டேஷன்லயே முடிச்சிட்டுக் கிளம்புங்க, அதுக்கப்புறம் ரொம்ப தூரத்துக்கு ஒண்ணும் கிடையாது.

ஸ்டேஷன்ல இருந்து ஹாலந்து ரோடு வரைக்கும் நேர் பாதை, அமைதி, சொல்றதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. சின்னவ அப்பா தோள் மேல ஏறிட்டா. கிம் மோ பக்கம் வந்ததும் வீவக அடுக்குமாடி புளோக்குகள் தெரிய ஆரம்பிக்கும், பால்கனில துணி காயுது, யார் வீட்டுலயோ மீன் பொரிக்கிற வாசனை. வானம் ஒரு பக்கம் இருட்டிட்டு வந்துச்சு, புவன விஸ்தா கிட்ட வர்றதுக்கும் மழை பிடிக்கறதுக்கும் சரியா இருந்துச்சு. காமன்வெல்த் அவென்யூ பாலத்துக்கு அடியில ஓடினோம். தூண்லயும் சுவர்லயும் பெரிய பெரிய ஓவியமா வரைஞ்சு வச்சிருக்காங்க அங்க. எங்களை மாதிரியே ஓடி வந்தவங்க ஒரு இருபது பேர் இருப்பாங்க, சைக்கிள்காரங்க, நாயோட வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, பங்களாதேஷ் தம்பிங்க ரெண்டு பேர். மிச்சம் இருந்த இட்லியை எல்லாருக்கும் நீட்டினேன், பாட்டி பொடி காரமான்னு கேட்டுட்டு ரெண்டு எடுத்தாங்க. தலைக்கு மேல எம்ஆர்டி போறப்போ எல்லாம் பாலம் லேசா அதிருது. அந்த பங்களாதேஷ் தம்பிங்கள்ல ஒருத்தர் எம்ஆர்டி லைன்ல ராத்திரி வேலை பார்க்கறவராம், ரயில் நின்னதுக்கு அப்புறம் விடியறதுக்குள்ள தண்டவாளத்தை செக் பண்ற வேலை. மாமா அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, பாதி மலாய் பாதி இங்கிலீஷ்ல, எங்கப்பாவும் இதே வேலை தான்னாரு. அந்தத் தம்பி கேட்டாரு, "அப்பாவுக்கு அப்போ சம்பளம் நல்லா இருந்துச்சா அங்கிள்?" மாமா இல்லப்பான்னாரு. அப்புறம் ரெண்டு பேரும் எந்தெந்த டூல் இன்னும் மாறாம இருக்குன்னு பேசிட்டு இருந்தாங்க, ஸ்பேனர் அப்படியே இருக்காம், அளவு தான் வேறயாம்.

மழை விட்டதும் அத்தை ஃபோன், நடை சாத்திடுவாங்க சீக்கிரம் வாங்கன்னு. டாங்ளின் ஹால்ட் பக்கம் வேகமா நடந்தோம். பாதையில அங்கங்க தண்ணி தேங்கியிருந்துச்சு, பிள்ளைங்க ஷூவைப் பத்தி சொல்லவே வேண்டாம். 1960கள்ல கட்டின பத்து மாடி புளோக்குகள் இருந்த இடம் அது, மாமாவோட பால்ய சிநேகிதங்க பாதிப் பேர் அங்க இருந்தவங்க. இங்க தான் கோலி விளையாடினோம், ரயில் வர்றதுக்கு முன்னாடி தண்டவாளத்துல காது வச்சுப் பார்ப்போம்னு ஒவ்வொரு வளைவுலயும் நின்னு நின்னு சொல்லிட்டு வந்தாரு. அத்தை ரெண்டாவது தடவை ஃபோன் பண்ணிட்டாங்க.

அந்த முனீஸ்வரன் கோயிலே ரயில்வே ஆளுங்க வச்சது தான். 1932ல, பாதை வந்த அதே சமயத்துல, குவார்ட்டர்ஸ்ல இருந்தவங்க தண்டவாளத்துக்குப் பக்கத்துல கொட்டகை போட்டு முனியாண்டின்னு கும்பிட ஆரம்பிச்சாங்க. ராத்திரி பகல்னு பார்க்காம லைன்ல தனியா நடக்கறவங்களுக்குக் காவலுக்கு ஆள் வேணும்ல, ஊர் எல்லையில நிக்கிற சாமியை இங்க கொண்டு வந்து ரயில் பாதை ஓரமா நிறுத்திக்கிட்டாங்க. அப்புறம் இடம் மாறி, வளர்ந்து, இப்ப காமன்வெல்த் டிரைவ்ல பெரிய கோயிலா நிக்குது. நாங்க போய்ச் சேர்ந்தப்போ கடைசி தீபாராதனை நடந்துட்டு இருந்துச்சு. சேறு படிஞ்ச காலை வெளிய குழாயில அலம்பிட்டு உள்ள போனோம். எங்க மாமனாரோட அப்பா பேர்ல அர்ச்சனை பண்ணச் சொன்னோம். பேரு கேட்டப்போ பெரியவன் முந்திக்கிட்டு கொள்ளுத்தாத்தா பேரை முழுசா சொன்னான். காலையில அவனுக்கு அந்தப் பேர் தெரியாது.

சாப்பாடு பக்கத்து ஹாக்கர் சென்டர்ல முடிச்சோம், எல்லாருக்கும் அகோரப் பசி. மொத்தம் எட்டு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். மாமாவுக்குக் கால் வலிக்குமேன்னு எனக்குக் கவலை, அவர் என்னடான்னா தே தாரிக் குடிச்சிட்டே கணக்குப் போடுறாரு, "அப்பா காலையில மட்டும் இவ்வளவு தூரம் நடந்திருப்பாரும்மா, கையில சம்மட்டியோட."

போகணும்னு நினைக்கறவங்களுக்கு ரெண்டு விஷயம். வீட்டுல பெரியவங்க யாராவது ரயில்வேல, துறைமுகத்துல, பிரிட்டிஷ் பேஸ்ல வேலை பார்த்தவங்களா இருந்தா அவங்களைக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க, ஃபோன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணி சட்டைப் பையில போட்டுடுங்க, இவர் அப்படித்தான் பண்ணினாரு. காத்து சத்தம், சைக்கிள் மணி எல்லாம் கலந்து கிடக்கு, ஆனா மாமா பேசினது தெளிவா கேக்குது, நான் ராத்திரில கொஞ்சம் கொஞ்சமா டைப் பண்ணிட்டு இருக்கேன். ரெண்டாவது, இடி மின்னல்னா பாதையில நிக்காதீங்க, பக்கத்துப் பாலத்துக்கு அடியிலயோ புளோக்குக்கு கீழயோ போயிடுங்க.

அடுத்து வடக்குப் பக்கம், கிராஞ்சில இருந்து உட்லண்ட்ஸ் வரைக்கும் போறதா இருக்கோம். மாமாவோட தம்பி அங்க தான் இருக்காரு, அவரும் வர்றேன்னு சொல்லிட்டாரு. அத்தை இப்பவே முட்டிக்கு எண்ணெய் தேய்க்க ஆரம்பிச்சாச்சு.